ஸ்பீக்கர் பெட்டிக்கு ரெக்சின் உறை: வடசென்னைக் காற்றில் எது நிற்கும்?

மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கிறது சடையங்குப்பம். பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலையாறும் அணைத்துக் கிடக்கும் தாழ்வான நிலம். சுற்றிலும் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, கன்டெய்னர் யார்டுகள். 2011இல் சென்னை மாநகராட்சியின் எல்லை விரிந்தபோது நகரத்துக்குள் வந்த ஊர். ஆனால் ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் கார்களைவிட டிரெய்லர் லாரிகளுக்குத்தான் ஆதிக்கம். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கோ, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கோ பெட்டி ஏற்றிக்கொண்டு போகும் ஓட்டுநர் வரிசையில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். அவ்வளவு நேரமும் கேபின்தான் அவருக்கு வீடு. அந்தக் கேபினில் படுக்கைப் பலகைக்குக் கீழேயோ, சீட்டுக்குப் பின்னாலோ ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அதன் மேல் பஞ்சு வைத்து, ரெக்சின் போர்த்தி, டைமண்ட் தையல் போட்டு, விளிம்பில் வேறு நிறத்தில் பைப்பிங் ஓட்டியிருப்பார்கள். ஆட்டோவிலும் ஷேர் ஆட்டோவிலும் பின்சீட்டுக்குப் பின்னால் இதே வேலைப்பாட்டைப் பார்க்கலாம். சொந்த காரின் டிக்கிக்குப் பெட்டி செய்துகொள்பவர்களும் கடைசியில் வந்து நிற்பது குஷன் கடை வாசலில்தான்.

இந்த உறையைப் பற்றி மூன்று தரப்பு மூன்று விதமாகப் பேசுகிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் ஆடியோ மாட்டுகிறவர்களில் பலர், கார்பெட் ஒட்டினால் போதும், பஞ்சு வீண் செலவு என்பார்கள். குஷன் வேலை செய்பவர்களோ பஞ்சு இல்லாவிட்டால் மரத்தின் மேடுபள்ளமும் ஆணித் தலையும் ரெக்சினில் தெரியும் என்பார்கள். வண்டிக்காரர் பஞ்சு வைத்தால் பெட்டி அதிராது, பேஸ் நன்றாக விழும் என்று நம்பிப் பணம் கொடுக்கிறார். மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பஞ்சு வைத்த ரெக்சின் இந்த வேலைக்கு ஏற்ற உறை, கார்பெட்டைவிடவும் மேல். ஆனால் அது ஒலிக்காகச் செய்யப்படும் வேலை அல்ல. மனித உடம்புக்காகவும் பெட்டியின் ஆயுளுக்காகவும் செய்யப்படுவது. இந்தக் கடலோர வெப்பத்தில் அது கெட்டுப்போகிறதென்றால் காரணம் பெரும்பாலும் ரெக்சின் இல்லை. பசையும் விளிம்பும் ஸ்பீக்கர் ஓட்டையும்தான்.

முதலில் ஒலிக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று அழித்துவிடாமல் பிரித்து வைப்பதுதான் பெட்டியின் முதல் வேலை. உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954இல் சந்தைக்குக் கொண்டுவந்த பெட்டி காட்டியது. துளை வைத்த பெட்டிக்கான கணக்கை 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் எழுத, எழுபதுகளின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை வளர்த்தார். இன்று ஸ்பீக்கரோடு வரும் தாளில் அச்சிட்டிருக்கும் எண்கள் இந்த இருவரின் பெயரில்தான் வழங்குகின்றன. 12 அங்குல ஸ்பீக்கருக்கு அடைத்த பெட்டி என்றால் ஏறக்குறைய ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர் அளவில் உள்கொள்ளளவு வேண்டியிருக்கும். இந்தக் கணக்கில் பெட்டிக்கு வெளியே என்ன ஒட்டியிருக்கிறது என்பதற்கு இடமே இல்லை.

வெளியே வைத்த பஞ்சு பெட்டியின் அதிர்வை அடக்காதா? அடக்காது. 18 மி.மீ. எம்.டி.எஃப்., அதாவது அழுத்திய மரநார்ப் பலகை, சதுர மீட்டருக்குச் சுமார் 13 கிலோ எடை. அதன் மேல் போகும் ரெக்சின் ஒரு கிலோகூட வராது. பஞ்சு என்று வைக்கும் ஃபோமோ காற்றை அடைத்த வலை. இவ்வளவு இலேசான போர்வை அவ்வளவு கனமான பலகையின் ஆட்டத்தை நிறுத்திவிட முடியாது. பெட்டி அதிர்கிறதென்றால் உள்ளே எதிரெதிர்ப் பலகைகளை இணைத்து ஒரு குறுக்குக் கட்டை கொடுப்பதுதான் வழி. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். கேபினைவிடப் பெரிய அந்த அலைக்கு 10 மி.மீ. ஃபோம் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. பஞ்சு வைத்தால் பேஸ் கூடும் என்ற நம்பிக்கை, உள்ளே வைக்கும் பஞ்சைப் பற்றிய செய்தி வெளிப் பஞ்சோடு குழம்பியதால் வந்தது என்று நினைக்கிறேன். அடைத்த பெட்டிக்குள் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் காற்று அழுந்தும்போது எழும் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். பெட்டி கொஞ்சம் பெரிதானதுபோல நடந்துகொள்ளும். கோட்பாட்டு உச்சம் 40 சதவீதம், நடைமுறையில் கிடைப்பது அதில் சிறு பங்குதான். அது உள்ளே நடக்கும் சங்கதி.

வெளிப் பஞ்சுக்கு வேறு நியாயம் உண்டு. டிரெய்லர் கேபினில் ஓட்டுநர் படுத்திருக்கும்போது அவர் தலையோ முழங்காலோ பெட்டியில் இடிக்கும். பெட்டியின் மூலை 12 மி.மீ. வளைவு கொடுத்து, ஃபோம் வைத்து மூடியிருந்தால் அது வெறும் இடி; கூர்மையான மூலையானால் காயம். பெட்டி கேபின் தகரத்தைத் தொடும் இடத்தில் ஃபோம் இருந்தால் மரமும் தகரமும் உரசும் கடகடப்பு நிற்கும். வாங்கியவர் பேஸ் நன்றாகிவிட்டது என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கடகடப்பு நின்றதைத்தான். கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். கொங்குப் பகுதியின் தனியார் பஸ்களில் பாட்டு இல்லாமல் வண்டி கிளம்பாது. அங்கே லக்கேஜ் தட்டுக்கு அடியில் ஸ்பீக்கரைப் பதித்து, சுற்றிலும் பஞ்சு வைத்த ரெக்சின் பலகை அடித்திருப்பதற்குக் காரணம் எழுந்து நிற்கும் பயணியின் தலைதான். கார்பெட்டில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. மணலியில் பறக்கும் தூசி கார்பெட்டில் இறங்கினால் உதறியும் போகாது. ரெக்சினை ஈரத் துணியால் துடைத்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்தப் பகுதியில் கார்பெட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். பெயின்ட் அடிப்பதும் ஃபைபர்கிளாஸில் வார்ப்பதும் அழகாக இருக்கும். டிக்கியில் யாரும் தொடாத பெட்டிக்கு அவை சரி, ஆள் படுத்துறங்கும் இடத்துக்குச் சரிவராது.

இந்த உறையின் பொருட்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப்போனால் சடையங்குப்பத்தின் அக்கம்பக்கமே வந்து நிற்கிறது. பழைய நாளில் சீட்டுக்குத் தென்னைநாரும் இலவம்பஞ்சும் அடைத்தார்கள். பிறகு ரப்பர் பாலில் தோய்த்த நார். இப்போது குஷன் கடையில் பஞ்சு என்று வெட்டிக் கொடுப்பது பாலியூரித்தேன் ஃபோம். ஜெர்மனியில் ஓட்டோ பாயர் 1937இல் கண்டறிந்த வேதியியலின் பிள்ளை அது. அதன் இரண்டு தாய்ப்பொருட்களில் ஒன்று பாலியோல். 1969இல் இயங்கத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், அதாவது இன்றைய சி.பி.சி.எல்., கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது புரொப்பிலீன் வாயு கிடைக்கிறது. அதை வாங்கி புரொப்பிலீன் ஆக்சைடாகவும், பிறகு பாலியோலாகவும் மாற்றுகிறது பக்கத்திலேயே இருக்கும் மணலி பெட்ரோகெமிக்கல்ஸ். 1986இல் உருவான நிறுவனம். மெத்தை, வாகன சீட், செருப்பு என்று இந்தியாவின் ஃபோம் தொழில் அதன் சரக்கை நம்பியிருக்கிறது. இன்னொரு தாய்ப்பொருளான டி.டி.ஐ.யை குஜராத்தில் ஜி.என்.எஃப்.சி. தயாரிக்கிறது, மீதி இறக்குமதி. இரண்டையும் தண்ணீரோடு சேர்த்தால் கரியமில வாயு நுரைத்து எழும்பி, பெரிய பாளமாகி, பிறகு தகடு தகடாக அறுபடும். மணலிக் காற்றை மூச்சிழுத்து வாழ்பவர்களுக்கு இந்தத் தொழில்களின் விலை தெரியும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் கடும் மாசடைந்த தொழிற்பகுதிகளைக் கணக்கெடுத்தபோது மணலியும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்தக் காற்றைத் தாங்கி இங்கே உருவாகும் பொருளை, வருடத்தில் உரிந்து குப்பைக்குப் போகிற வேலையில் வீணாக்கக் கூடாது என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுகிறது.

ஃபோமில் இரண்டு குலம் உண்டு. பாலியீதர் வகைப் பாலியோலில் செய்தது ஈரப்பதத்தை நன்றாகத் தாங்கும். பாலியெஸ்டர் வகை இழுவைக்கு உறுதி, ஆனால் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் மூலக்கூறே அறுந்து, சில வருடங்களில் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். மெத்தைக் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஃபோம் பெரும்பாலும் பாலியீதர் என்பதால் நமக்கு நல்லதே. 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று கேட்டு வாங்கலாம். இந்த வேலைக்கு 6 முதல் 10 மி.மீ. கனம் போதும். பஞ்சைக் கொஞ்சம் தூக்கலாக வைக்கச் சொல்கிற வண்டிக்காரர்கள் உண்டு. இருபுறமும் 10 மி.மீ. ஃபோம், மேலே ரெக்சின் என்று போட்டால் பெட்டி அகலத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிடும். படுக்கைப் பலகைக்கு அடியில் அளவெடுத்துச் செய்த பெட்டி அப்புறம் உள்ளே போகாது, தள்ளித் திணித்தால் முதல் நாளே மூலை கிழியும். உறையின் கனத்தைக் கழித்துக்கொண்டுதான் தச்சரிடம் அளவு சொல்ல வேண்டும்.

ரெக்சின் என்று நாம் சொல்வது இங்கிலாந்தின் ஒரு வணிகப் பெயர்; அந்தப் பழைய துணி நைட்ரோசெல்லுலோஸ் பூசியது. இன்றைய சரக்கு பி.வி.சி. விறைப்பான பி.வி.சி.யை வளையவைக்கும் வழியை வால்டோ சீமன் 1926இல் குட்ரிச் நிறுவனத்தில் கண்டுபிடித்தார். பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய்ப் பசை போன்ற திரவத்தைக் கலப்பதுதான் அந்த வழி. செயற்கைத் தோல் ஆலைகளுக்கு வேண்டிய பேஸ்ட் வகை பி.வி.சி. நம் மேட்டூரில் கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலையில் தயாராகிறது. அதில் பிளாஸ்டிசைசரைக் குழைத்து, துணியில் பூசி, சூட்டில் இறுக்கினால் ரெக்சின். நல்ல ரெக்சினில் அந்தத் திரவம் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இருக்கும். அதன் பலமும் பலவீனமும் அதில்தான். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். அப்போது பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியில் மங்கலாகப் படியும். போகப்போக ரெக்சின் விறைத்து, மடிப்புகளில் வெடிக்கும். அதே திரவம் பின்பக்கமாகவும் கசிந்து பசைக்குள் இறங்கும். ரப்பர் பசையை அது இளக்கிவிடும்.

இப்போது லெதரெட் என்ற பெயரில் பியூ, அதாவது பாலியூரித்தேன் பூசிய துணிக்கு மவுசு. தொட்டால் தோல் போல மிருதுவாக இருக்கிறது. விலை குறைந்த பியூ துணி ஈரக் காற்றில் நீராற்பகுப்புக்கு ஆளாகி மேல்தோல் செதில் செதிலாக உரியும். வீட்டு சோஃபாவில் பலரும் பார்த்திருப்பார்கள். எண்ணூரின் ஈரக்காற்றுக்கு அது சரிவராது. பின்னல் துணி முதுகு கொண்ட, இரண்டு பக்கமும் இழுபடும், ஏறக்குறைய ஒரு மி.மீ. கனமுள்ள பி.வி.சி. ரெக்சின்தான் இங்கே நிலைக்கும். நெய்த துணி முதுகு விலை மலிவு, ஆனால் மூலையில் இழுபடாது. வெள்ளை ரெக்சின் வேண்டாம். பிளாஸ்டிசைசரைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஈரமான ஃபோமில் வளர்ந்து இளஞ்சிவப்புக் கறையாக மேலே வரும். எந்தச் சோப்பும் அதை எடுக்காது.

பெட்டியின் மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் சடையங்குப்பத்துக்கு வெள்ளம் புதிதல்ல. 2015இல் வந்தது. 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலையாற்றில் வந்தபோது சடையங்குப்பமும் பர்மா நகரும் இருளர் காலனியும் தண்ணீரால் சூழப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகம் வரை பரவியது. எம்.டி.எஃப். பலகை தண்ணீரில் நின்றால் விளிம்பு வீங்கிப் பிளக்கும். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. வீங்கிய விளிம்பு உறையையும் உள்ளிருந்து கிழிக்கும். ரெக்சின் வெளியே தண்ணீரைத் தடுக்கிறது என்று நினைத்தால் ஏமாற்றம். தையல் துளைகள் வழியாகவும் ஸ்பீக்கர் ஓட்டை வழியாகவும் புகுந்த தண்ணீர் அதே ரெக்சினால் அடைபட்டு ஃபோமிலேயே தங்கிவிடும். கார்பெட் பெட்டியாவது வெயிலில் காயும். ரெக்சின் பெட்டி உள்ளுக்குள் அழுகும். இந்த ஒரு விஷயத்தில் கார்பெட் தரப்பு சொல்வது சரி. அதனால் இங்கே பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட் போடச் சொல்வேன். 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்கும் பசையால் அது ஒட்டப்படுகிறது. விலை கூடுதல்தான், ஆனால் எம்.டி.எஃப்.பைவிடத் திருகாணி நன்றாகப் பிடிக்கும். எம்.டி.எஃப்.தான் என்றால் வெட்டு விளிம்புகள் எல்லாவற்றுக்கும் உறை போடுமுன் சீலர் அடித்து, அடிப்பலகையில் ஃபோமே வைக்காமல் விட்டுவிடலாம். எண்ணெய் கலந்த தண்ணீர் பட்ட ரெக்சினைக் காப்பாற்றப் பார்ப்பது வீண். எண்ணெய் அதிலிருந்த பிளாஸ்டிசைசரை இழுத்துக்கொண்டு போய்விடும். காய்ந்தபின் அட்டை போல விறைத்துக்கொள்ளும்.

இனி வேலையின் இதயமான பசை. ஃபெவிகால் எஸ்.ஆர். வகையைச் சேர்ந்த ரப்பர் பசைதான் குஷன் கடைகளில் பரவலாக ஓடுகிறது. இருபக்கமும் தடவி, ஓரளவு காயவிட்டு, பிறகு ஒட்ட வேண்டிய பசை இது. விரல் வைத்தால் ஒட்டுவது போலிருந்து விரலோடு நூலாக வராத நிலை வரவேண்டும். சாதாரண நாளில் 10, 15 நிமிடம். பார்த்தால் எளிது. பிழைகள் நடப்பது இந்தப் பத்து நிமிடத்தில்தான். ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் பசையிலிருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது தடவிய பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பனியாக இறங்கும். அதன் மேல் ரெக்சினை அழுத்தினால் ஒட்டியது போலத் தெரியும். அடுத்த வெயிலில் குமிழ் குமிழாக எழும்பும். கூரைக்கு வெளியே சாலையோரம் நடக்கும் வேலை மழைக்காலத்தில் அடிக்கடி திரும்பி வருவதற்கு இது முக்கியக் காரணம். ஹீட் கன்னால் பரப்பை லேசாகச் சூடு காட்டி ஈரத்தை விரட்டிவிட்டு ஒட்டுவது சிறு வேலை. பலர் அந்தச் சிறு வேலையைச் செய்வதில்லை.

பசையை ஃபோமில் அள்ளிக் கொட்டுவது இன்னொரு தவறு. ஃபோம் பசையைக் குடித்து, காய்ந்ததும் அந்த இடம் மட்டும் கட்டிபோல இறுகும். வெளிச்சம் சாய்வாக விழும்போது ரெக்சினுக்கு மேலேயே திட்டுத் திட்டாகத் தெரியும். மரத்தில் இரண்டு கோட், எம்.டி.எஃப். விளிம்பு பசையை உறிஞ்சும் என்பதால் அங்கே கூடுதலாக ஒன்று, ஃபோமில் மெல்லிய ஒரே கோட் என்பதுதான் சரியான அளவு. நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்திக்கொண்டே வந்தால் காற்று அகப்படாது. சாதாரண ரப்பர் பசை 60, 70 டிகிரிக்குப் பக்கத்தில் இளகத் தொடங்கும். பூட்டிய கேபின் அந்த அளவுக்குச் சூடாகும் ஊரில் வெப்பம் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்காமல் விட்டால் வேலை செய்தும் பயனில்லை.

மூலையைக் கவனித்தால் கைவேலையின் தரம் தெரிந்துவிடும். மூன்று பலகைகள் சந்திக்கும் இடத்தில் ரெக்சின் மிஞ்சும். அதை மொத்தையாக மடித்துக் கன் பின் அடித்தால் சுருக்கம் விழும், மடிப்பின் முதுகு முதலில் வெடிக்கும். தேர்ந்த கை அப்படிச் செய்யாது. ஹீட் கன்னை அசைத்துக்கொண்டே இருக்க, ரெக்சின் பளபளப்பு மாறி இளகுவது தெரியும். அப்போது கட்டைவிரலின் அடிச்சதையால் மூலையின் குறுக்காக மெல்ல இழுத்து, மிச்சத்தைப் பெட்டியின் அடிப்பக்கம் கொண்டுபோய், அங்கே ஆங்கில வி வடிவில் வெட்டி, விளிம்போடு விளிம்பு பொருந்த ஒட்டிவிடும். மேலே தொட்டால் மூலை வழவழப்பாக உருண்டிருக்கும், இணைப்பு எங்கே என்று தேட வேண்டும். உள்வளைவு இன்னும் கடினம். சூட்டில் இழுத்து ஒட்டிய பி.வி.சி. தன் பழைய உருவை மறப்பதில்லை. மறுபடி வண்டிக்குள் சூடேறும்போது தன் அளவுக்குச் சுருங்கப் பார்த்து, உள்வளைவிலிருந்து கிளம்பிப் பாலம் போல நிற்கும். உள்வளைவு உள்ள பெட்டிக்கு இழுத்து ஒட்டாமல், துண்டு துண்டாக வெட்டித் தைத்து, வளைவின் அடியில் தையல் வரும்படி பொருத்துவதே நிலைக்கும். ஒட்டி முடித்த பெட்டியை ஸ்பீக்கர் மாட்டுமுன் ஒரு பகல் வெயிலில் வைத்து எடுத்தால் எழும்ப வேண்டியது அப்போதே எழும்பிவிடும், சரிசெய்துகொள்ளலாம். பின்களும் முக்கியம். உப்புக் காற்றில் சாதாரண இரும்புப் பின் துருவேறி, துரு வீங்கி, ரெக்சினில் பழுப்புக் கோடு இறக்கும். ஸ்டெய்ன்லெஸ் பின் கொஞ்சம் விலை கூடுதல். இங்கே அதுதான் பொருத்தம்.

ஒலியை உறை கெடுக்கக்கூடிய முக்கிய இடம் ஸ்பீக்கர் ஓட்டை. ஓட்டையின் விளிம்பு வரை ஃபோம் வைத்து, ரெக்சினைக் கதிர் கதிராக வெட்டி உள்ளே மடித்துப் பின் அடித்து, அதன் மேல் ஸ்பீக்கரை வைத்து முடுக்குகிறார்கள். முதல் நாள் பிரமாதமாக இருக்கும். ஸ்பீக்கரின் இரும்பு வளையம் ஃபோமின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் அமுங்கும், திருகாணி தளரும், ரெக்சின் மடிப்புகளுக்கு நடுவில் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். அடைத்த பெட்டி அடைத்த பெட்டியாகவே இல்லாமல் போகும். வளையம் உட்காரும் வட்டத்திலும் அதற்கு வெளியே 15, 20 மி.மீ. வரையிலும் ஃபோமைச் சாய்வாகச் செதுக்கிவிட்டு, ரெக்சினை நேரே மரத்தோடு ஒட்டி, மேலே கேஸ்கெட் டேப் சுற்றி, மரத் திருகாணிக்குப் பதில் பின்னால் டி-நட் பதித்து போல்ட் போட்டால் இந்தத் தொல்லை வராது. சோதனையும் எளிது: கூம்பை இரண்டு கையாலும் சமமாக மெல்ல அழுத்தி விட வேண்டும். அடைப்பு சரியாக இருந்தால் அது தயங்கித் தயங்கித் திரும்பும். சட்டென்று துள்ளினால் எங்கோ ஒழுகுகிறது. துளைப் பெட்டி என்றால் துளையின் வாய்க்குப் பக்கத்தில் ஒட்டாத ரெக்சின் நுனி எதுவும் இருக்கக் கூடாது. அங்கே காற்று வேகமாகப் பாய்வதால் நுனி துடித்து, பாட்டுக்கு நடுவே படபடக்கும்.

ஆம்ப்ளிஃபயரைப் பெட்டியின் மேலேயே மாட்டும் வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். ஃபோம் வெப்பத்தைக் கடத்தாது. ரெக்சினோடு ஒட்டி உட்கார்ந்த ஆம்ப்ளிஃபயருக்குக் கீழ்ப்பக்கம் மூச்சு முட்டும், அதற்கடியில் ரெக்சின் வெந்து சுருங்கும். வேறு இடமே இல்லை என்றால் அந்தப் பரப்பில் மட்டும் ஃபோம் வைக்காமல், உலோகக் குழாய்த் துண்டுகள் கொடுத்து ஒரு அங்குலம் தூக்கி மாட்டலாம். வாகன உட்புறப் பொருள் எவ்வளவு வேகத்தில் எரியலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அமெரிக்க விதியில் அது நிமிடத்துக்கு 102 மி.மீ.; இந்தியாவில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 15061. ஆலையில் போட்ட சீட் துணி அந்தச் சோதனையைக் கடந்து வருகிறது. நாம் கடையில் வெட்டி வாங்கும் ஃபோமும் ரெக்சினும் அப்படிச் சோதிக்கப்பட்டவையா என்று யாரும் கேட்பதில்லை. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஃபோம் எரிந்தால் கரும்புகை. ஆள் படுத்துறங்கும் கேபினில் ஆம்ப்ளிஃபயரின் பவர் வயருக்கு பேட்டரிப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடாமல் பெட்டிக்கு எத்தனை அழகான தையல் போட்டும் என்ன பயன்? 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. இனி கண்ணாடி ஏற்றியே இருக்கும். ஓடும்போது குளிர், நிறுத்தினால் கொதி என்று பசைக்கும் ரெக்சினுக்கும் சோதனை கூடும். புகையோ பசை நாற்றமோ வெளியேற வழியும் குறையும். புது உறை போட்ட வண்டியை இரண்டு நாள் கதவு திறந்து காற்றாட விட்டபிறகே ஓட்டுநர் உள்ளே படுக்க வேண்டும்.

அந்த நாற்றத்தை நாள் முழுக்கச் சுவாசிப்பவர் குஷன் வேலை செய்யும் தொழிலாளி. ரப்பர் பசையில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். தலைவலி, கிறுகிறுப்பு முதல் நாளில். வருடக்கணக்கில் நரம்புக்கும் கேடு. பசை டப்பாவைத் திறந்துவைத்து, பக்கத்தில் ஹீட் கன்னும் எரியும் பீடியும் இருக்கும் சின்னக் கடைகள் ஆபத்தானவை. கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து தூரத்து நெருப்பையும் தேடிப் பிடிக்கும். பசை தடவும் இடம் திறந்த பக்கமாக இருக்க வேண்டும், தரைமட்டத்தில் காற்றோட்டம் வேண்டும், கரிவடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். துணிக் கைக்குட்டை ஆவியைத் தடுக்காது. டப்பாவை மூடிவைப்பதற்குக் காசு செலவில்லை. தையல் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. குஷன் தைப்பவர்களும் அதில் பதிந்துகொண்டு, பசை வேலைக்கான மருத்துவப் பரிசோதனையையும் கேட்டுப் பெற வேண்டும் என்பது என் விருப்பம். வண்டிக்காரர்களும் ஒன்று செய்யலாம்: கூலி பேசும்போது டைமண்ட் தையலுக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்தப் பசை, எந்தப் பின், ஸ்பீக்கர் வட்டத்தில் ஃபோமை எடுத்துவிடுவீர்களா என்று கேட்க வேண்டும், அதற்குரிய கூலியையும் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.